முதலில் குடியானவன் குறை

சித்தேரி மலை இருக்கும் தருமபுரிப் பகுதி 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறியது. அன்று அதற்குப் பாராமகால் என்று பெயர். வரி ஏற்பாடு செய்ய ரீடு துரைக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர், பட்டாளத்து அதிகாரி தாமஸ் மன்றோ.

வேலையோ மலைபோல் குவிந்து கிடந்தது. எதை முதலில் பார்ப்பது? கச்சேரிக் காகிதத்தையா, குடியானவனையா?

மன்றோ கூடாரத்தோடு ஊர் ஊராகப் புறப்பட்டுவிட்டார். காலை ஏழு மணிக்கே கூட்டம் சேரும், உச்சிவேளையிலும் கலையாது. தகப்பன் வாங்கிய முப்பது வருஷக் கடனைப் பற்றி ஒருவன் பேசுவான். சண்டைக் காலத்தில் ஊரில் இல்லாதபோது தம்பி சொத்தை விழுங்கிவிட்டான் என்பான் இன்னொருவன். மூன்றாமவன் கதை நெஞ்சை உருக்கும். அவனுடைய நல்ல எருதைவிட அதிகமாக உழைத்த மனைவி செத்துப்போனாள். இனி எப்படிக் கிஸ்தி கட்டுவது?

வந்தவர் வரி வாங்க வந்தவர்தான். ஆனாலும் அத்தனையையும் கேட்டார். ஆசையாய்ப் படிக்கும் புத்தகங்கள் காத்துக் கிடந்தன. வீட்டுக்குக் கடிதம் எழுதியதும் அந்த இரைச்சலின் நடுவேதான்! 1799 வரை ஏழு வருஷம் இப்படியே கழிந்தது.

1820-ல் அவர் சென்னை கவர்னரானார். 1827-ல், தாய்நாடு திரும்புமுன், தாம் முன்பு கலெக்டராயிருந்த ராயலசீமைக் குடிகளை ஒருமுறை பார்த்துவரப் புறப்பட்டார். பட்டிகொண்டாவில் வாந்திபேதி கண்டது. ஜூலை 6-ந் தேதி உயிர் பிரிந்தது.