மறையும் மருந்து

பேராக் ரப்பர்த் தோட்டங்களில் வெட்டிய பாலை உறைவதற்குள் ஆலையில் சேர்க்க வேண்டும். உடலுறுப்புகளைப் படமெடுக்க உதவும் கதிரியக்க மருந்துகளுக்கும் இத்தகைய அவசரம் உண்டு. தைராய்டு சுரப்பியைச் சோதிக்க உதவும் அயோடின்-131இன் கதிரியக்கம் 8 நாளில் பாதியாகிவிடும். நெடுநாள் சேமிக்க இயலாத இம்மருந்தை அடிக்கடி புதிதாக உருவாக்க வேண்டும். அதற்கு அணு உலை தேவை.

இந்தியாவுக்கு அந்த வாய்ப்பை ஏற்படுத்தியவர் ஹோமி பாபா. 1909இல் மும்பையில் பிறந்த இவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியலும் பின்னர் இயற்பியலும் பயின்றார். 1939இல் விடுமுறைக்குத் தாயகம் வந்தபோது இரண்டாம் உலகப் போர் மூண்டது. திரும்பிச் செல்ல முடியாத பாபா, பெங்களூரில் சர் சி.வி. இராமன் பணியாற்றிய இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். உயர்ந்த ஆய்வுகளைத் தாய்நாட்டிலேயே நடத்த வேண்டும் என்ற எண்ணம் அவருள் வலுப்பெற்றது. 1945இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார்.

இவரது தலைமையில், மும்பையின் டிராம்பே பகுதியில் அப்சரா அணு உலை 1956 ஆகஸ்டு 4ஆம் நாள் இயங்கத் தொடங்கியது. எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது. உலையைக் கட்டியோர் இந்தியப் பொறியியலாளர்கள். அங்குக் கதிரியக்கப் பொருள்கள் உருவாயின. 1963இல் மும்பையில் கதிர்வீச்சு மருத்துவ மையம் தோன்றியது. 1966இல் ஆல்ப்ஸ் மலையில் நேர்ந்த விமான விபத்தில் பாபா மறைந்தார். அவர் பெயரைத் தாங்கும் டிராம்பே ஆராய்ச்சி மையத்தில், நாளுக்கு நாள் வீரியம் குறையும் அம்மருந்துகளுக்கான மூலப்பொருள்கள் இன்றும் புதிதாக உருவாகின்றன.