ஏழைப் பிள்ளைகளுக்கு இலத்தீன் கற்பித்த அர்ச்சியசிஷ்டவர்

மாலை மணி அடித்ததும் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காகக் காத்து நிற்கும் தாய் தகப்பன்மாரே, இந்த வாரம் உங்களுக்கு அர்ச். சூசை கலசான்ஸ் என்பவரின் சரித்திரத்தைச் சொல்ல விரும்புகிறோம். பிள்ளைகள் காலையில் வீட்டிலிருந்து வந்து மாலையில் வீட்டுக்கே திரும்பும் பள்ளியை, ஏழைகளுக்குக் காசில்லாமல் நடத்திக் காட்டியவர் இவர்.

இவர் 1557-ம் ஆண்டு ஸ்பெயின் தேசத்தில் அரகோன் நாட்டைச் சேர்ந்த பெரால்தா என்னும் ஊரில் பிறந்து, 1583-ல் குருப்பட்டம் பெற்றார். 1592-ல் உரோமாபுரிக்குப் பயணமானார். பள்ளிக்கூடம் திறக்கும் எண்ணம் அப்போது அவருக்கு இல்லை. மானியத்தோடு கூடிய ஒரு நல்ல பதவியைத் தேடித்தான் போனார், இதை மறைப்பானேன்? கர்தினால் கொலோன்னாவின் அரண்மனையில் தங்கியிருந்த அவர், ஞானோபதேசம் கற்பிக்கும் சபையில் சேர்ந்து ஏழைத் தெருக்களில் நடக்கத் தொடங்கினார். எழுத்தறியாமல் தெருவிலே வளரும் பிள்ளைகளைக் கண்டார்.

அக்காலத்து நிலைமையைச் சற்று கவனியுங்கள். சேசு சபையாரின் உரோமைக் கல்லூரியில் சம்பளம் கிடையாது. ஆனால் இலத்தீன் இலக்கணத்தின் ஆரம்பம் தெரியாத பிள்ளைக்கு அங்கே இடமும் கிடையாது. அந்த ஆரம்பத்தைக் கற்றுக்கொள்ளவோ வாத்தியாருக்குப் பணம் கொடுக்க வேண்டும். ஏழை எங்கே போவான்? கலசான்ஸ் வட்டாரத்து வாத்திமாரைக் கேட்டார், சேசு சபையாரைக் கேட்டார், அர்ச். சாமிநாதர் சபையாரையும் கேட்டார். ஒருவரும் பொறுப்பேற்கவில்லை. கடைசியில் 1597-ல், திராஸ்தேவேரே பகுதியிலுள்ள அர்ச். தொரொத்தேயம்மாள் கோயில் பங்குக் குரு கொடுத்த இரண்டு அறைகளில் தாமே பள்ளியைத் தொடங்கினார். 1598-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் தீபெர் நதி பெருகி நகரத்தையே மூழ்கடித்தது. அதற்குப் பின்னும் பள்ளி நிற்கவில்லை. இடம் போதாமல் நதிக்கு இக்கரை வந்து, பல வீடுகள் மாறி, 1612-ல் அர்ச். பந்தலேயோன் கோயிலை அடுத்து நிலைத்தது.

அந்தப் பள்ளியின் வழக்கங்களைக் கேளுங்கள். காலையில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், பிற்பகலில் இரண்டரை மணி நேரம் பாடம். நாள்தோறும் பூசை உண்டு. வகுப்பு நடக்கும் வேளையிலேயே பிள்ளைகள் சிறு சிறு கூட்டமாக முறை வைத்துக் கோயிலுக்குப் போய்ச் செபிப்பார்கள். ஒரு கூட்டம் திரும்பியதும் மறு கூட்டம் போகும். அட்சரம் கற்கும் சிறுவன் படிப்படியாக மேல் வகுப்புக்கு ஏறுவான். தொழிலுக்குப் போகிறவன் நல்ல கையெழுத்தும் கணக்கும் கற்றுக்கொள்வான். மேற்படிப்புக்குப் போகிறவன் இலத்தீன் கற்றுக் கல்லூரிக்கு ஆயத்தமாவான். யூதர்களின் பிள்ளைகளுக்கும் அங்கே இடமிருந்தது. பள்ளி விட்டதும் வாத்திமார் பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு தெருத்தெருவாய்ப் போய் அவரவர் வீட்டில் விடுவார்கள். இந்த வழக்கம் ஒன்றைத்தான் நாம் மிகவும் மெச்சுகிறோம். அர்ச்சியசிஷ்டவர் தாமே வகுப்பறைகளைப் பெருக்கினார், பிள்ளைகளின் இறகுப் பேனாக்களைச் சீவிக் கொடுத்தார். பள்ளி மணியைக் கட்டும்போது கீழே விழுந்து கால் ஊனமுற்றும் வேலையை விடவில்லை.

ஏழைக்கு இலத்தீன் எதற்கு, எல்லாரும் படித்தால் வேலை செய்ய யார் மிஞ்சுவார்கள் என்று அக்காலத்துப் பெரிய மனிதர் பலர் முறுமுறுத்தார்கள். சாமிநாதர் சபைக் குருவான கம்பனெல்லா என்னும் தத்துவ சாஸ்திரி இதற்கு மறுப்பாக ஒரு நூலே எழுதினார். 1621-ல் பாப்பானவர் இவருடைய கூட்டத்தை முழுமையான துறவற சபையாக உயர்த்தினார். பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டுவதே அவர்களது நாலாவது வார்த்தைப்பாடு.

இனிச் சொல்வது வருத்தமான காரியம். ஆனாலும் பெற்றோர் அறிய வேண்டியது. நாப்பொலி நகரத்துப் பள்ளியின் தலைவரான ஸ்தேபனோ கெருபினி என்னும் குருவின்மேல், மாணவரிடத்தில் தகாத முறையில் நடந்தாரென்று குற்றச்சாட்டு எழுந்தது. அவர் செல்வாக்குள்ள குடும்பத்தவர். கலசான்ஸ் சபைக்கு அவமானம் வருமென்று அஞ்சி, காரியத்தை வெளியே விடாமல் அடக்கி, அவருக்கு வேறு உயர்ந்த பதவி கொடுத்து அங்கிருந்து அகற்றினார். அர்ச்சியசிஷ்டவர் செய்ததாயினும் இது பிழையே. வீடு வரை கூட்டிச் சென்று காவல் காத்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்குள்ளேயே காவல் இல்லாமற் போயிற்று. அந்த மனிதரே 1643-ல் கலசான்ஸ் வகித்த அதிகாரத்தைக் கைக்கொண்டு சபையை நடத்தினார்.

அதற்கு முந்தின ஆண்டிலேயே, 1642 ஆகஸ்டு 8-ந் தேதி, சபைக்குள்ளிருந்த வேறொரு குருவின் குற்றச்சாட்டினால், 85 வயதுக் கிழவரான கலசான்ஸ் உரோமைத் தெருக்களின் வழியே விசுவாச விசாரணைச் சபைக்கு நடத்திச் செல்லப்பட்டார். ஒரு கர்தினால் தலையிட்டதால் அன்றே விடப்பட்டார். 1646-ல் 10-ம் இன்னொசென்ட் பாப்பானவர் சபையைக் குலைத்து, வீடுகளை அந்தந்த மேற்றிராணிமாரின் கீழ் வைத்தார். அநேகர் விலகிப் போனார்கள். கலசான்ஸ் முறையிடவில்லை; மீந்தவர்களைப் பொறுமையாய் இருக்கும்படி கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அர்ச். பந்தலேயோன் பள்ளியில் பிள்ளைகள் வழக்கம்போல் வந்து படித்தார்கள்.

சபை குலைந்து கிடந்த நிலையிலேயே, 1648 ஆகஸ்டு 25-ந் தேதி அவர் மரித்தார். 1656-ல் சபை ஓரளவும், 1669-ல் முழுமையாகவும் திரும்ப நிலைநாட்டப்பட்டது. 1767-ல் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளிக்கப்பட்டது. 1948-ல் 12-ம் பத்திநாதர் பாப்பானவர் அவரைக் கிறிஸ்தவப் பொதுப் பள்ளிகளுக்குப் பாதுகாவலராக ஏற்படுத்தினார். அவர் திருநாள் ஆகஸ்டு 25.