நாலு பேர் பேச்சுக்கு அஞ்சாத எரிக் லிடல்



பரிசளிப்பு விழா மேடையில் பிள்ளைகள் கோப்பை வாங்குவதைப் பார்த்தால் நமக்கெல்லாம் மனசு குளிர்ந்துபோகிறது. ஆனால், கைக்கு எட்டிய கோப்பையை வேண்டாம் என்று விட்ட ஒருவரைப் பற்றி நீங்கள் கேட்டதுண்டா? அவர்தான் எரிக் லிடல்.

சமய ஊழியம் செய்த ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு 1902-ஆம் ஆண்டில் சீனாவின் தியன்ஜின் நகரில் பிறந்தவர் இவர். 1923-இல் 100 கஜ தூரத்தை 9.7 விநாடியில் ஓடிப் பிரிட்டனில் புதிய சாதனை படைத்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் இவருக்குத்தான் என்று பலரும் நம்பியிருந்தார்கள்.

அங்கேதான் சோதனை வந்தது. 100 மீட்டர் முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமையில் நடக்கும் என்று அட்டவணை வந்தது. ஞாயிறு கடவுளுக்குரிய நாள் என்று நம்பியவர் அவர். பல மாதங்களுக்கு முன்பே, ஓட முடியாது என்று சொல்லிவிட்டார். ஞாயிறன்று நடந்த தொடர் ஓட்டங்களையும் விட்டுவிட்டார். நாட்டுப்பற்று இல்லாதவர் என்று குறை சொன்னவர்களும் உண்டு. அவரோ யாரோடும் சண்டைக்குப் போகவில்லை.

அதற்காகச் சும்மா உட்கார்ந்துவிட்டாரா? அதுதான் இல்லை! 400 மீட்டருக்கு விடாமல் பயிற்சி எடுத்தார். பாரிசில் 200 மீட்டரில் வெண்கலம் வாங்கினார். ஜூலை 11-ஆம் நாள் 400 மீட்டர் இறுதி ஓட்டம். அவருக்குக் கிடைத்தது வெளிப்புறக் கடைசித் தடம். 47.6 விநாடியில் ஓடி, ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வென்றார்!

புகழ் தேடி வந்த நேரத்தில், மறு ஆண்டே சீனாவுக்குப் போய் ஆசிரியர் ஆனார். போர் நெருங்கவே, 1941-இல் கர்ப்பிணி மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கனடாவுக்கு அனுப்பினார். 1943-இல் ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். அங்கேயும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார், விளையாட்டு நடத்தினார்.

இதையும் கேளுங்கள். ஞாயிறன்று நடுவர் இல்லாமல் பிள்ளைகள் ஆட்டத்தில் அடித்துக்கொண்டார்கள். தங்கத்துக்காகக்கூட ஞாயிறன்று ஓடாத மனிதர், அந்தப் பிள்ளைகளுக்காக ஞாயிறன்றே திடலுக்கு வந்து நடுவராக நின்றார். முன்பு ஒன்று, இப்போது ஒன்றா என்று நாலு பேர் கேட்பார்களே என்று அவர் தயங்கவில்லை. அன்றும் இன்றும் அவர் கேட்டது தன் மனசாட்சியை மட்டும்தான்.

1945 பிப்ரவரி 21-இல், மூளைக் கட்டியால் 43 வயதில் முகாமிலேயே இறந்தார். மூன்றாவது மகளின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

தம்பி, தங்கைகளே! நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, கூட்டாளிகள் கேலி செய்வார்கள் என்று நல்லதை விட்டுவிடாதீர்கள். பெற்றோர்களே! பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு மேல்படிப்பு என்று நாலு பேர் பேசத்தான் செய்வாங்க. பேசிவிட்டு அவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. பிள்ளையின் வாழ்க்கை நம்ம கையில் அல்லவா இருக்கிறது!