மாணவர்களை அமேசானுக்கு அழைத்துச் சென்ற பேராசிரியர்... யார் இந்த லூயி அகாசி?

பயாலஜி படிக்கும் காலேஜ் மாணவர்கள் வெளிநாட்டுக் காட்டுக்குப் போய் நேரடியாக ஆய்வு செய்வது இன்று சகஜம். 1865-லேயே இதைச் செய்தவர் ஹார்வர்டு பேராசிரியர் லூயி அகாசி. ஆனா அவருடைய நோக்கம் வேறு. டார்வினின் பரிணாமக் கொள்கை தப்பு என்று நிரூபிக்கணும்!

யார் இவர்?

1807-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். மீன் நிபுணர். பிரேசில் பக்கமே போகாமல், மற்றவர்கள் கொண்டுவந்த மாதிரிகளை வைத்தே அந்நாட்டு மீன்கள் பற்றி 1829-ல் புத்தகம் போட்டார். பூமியில் ஒரு காலத்தில் பனியுகம் இருந்தது என்ற கருத்தைப் பிரபலமாக்கியவரும் இவர்தான். 1846-ல் அமெரிக்கா போனார்.

புதிதாகச் சேரும் மாணவரிடம் ஒரு மீனைக் கொடுத்து, நாள்கணக்கில் அதையே பார்க்கச் சொல்வார். புத்தகத்தை நம்பாதே, கண்ணை நம்பு என்பதுதான் அவர் பாணி.

பிரேசிலில் என்ன நடந்தது?

நத்தானியேல் தேயர் என்ற பணக்காரர் செலவை ஏற்க, 1865 ஏப்ரல் 1-ல் நியூயார்க்கிலிருந்து கப்பல் கிளம்பியது. உதவியாளர்களோடு மாணவர்களும் தன்னார்வலர்களாகப் போனார்கள். மீன் பிடிப்பது, ஆல்கஹாலில் பதப்படுத்துவது, பெட்டியில் அடுக்குவது... இதுதான் தினசரி வேலை.

அவர்களில் ஒருவர் 23 வயது வில்லியம் ஜேம்ஸ். ரியோவில் அம்மை நோய் வந்து படுத்தார். மாதிரி சேகரிக்கும் வேலை நமக்குச் சரிப்படாது என்று அங்கேதான் அவருக்குப் புரிந்தது. அவர்தான் பின்னாளில் புகழ்பெற்ற உளவியலாளர் ஆனார்.

எங்கே சறுக்கினார்?

அமேசான் பள்ளத்தாக்கையும் ஒரு காலத்தில் பனிப்பாறை மூடியிருந்தது என்று அறிவித்தார் அகாசி. அது உண்மையென்றால் பழைய உயிரினங்கள் அங்கே அடியோடு அழிந்திருக்கும். பரிணாமத் தொடர்ச்சிக்கு இடமே இருக்காது. அதைவிட மோசம், மனாஸ் நகரில் கலப்பின மக்களை நிர்வாணமாகப் படமெடுக்க வைத்தது. இனக்கலப்பு மனிதர்களைச் சீரழிக்கும் என்ற தன் நிறவெறிக் கருத்துக்கு ஆதாரம் தேடினார். அவர் பெயரில் இருந்த கேம்பிரிட்ஜ் பள்ளி ஒன்று 2002-ல், கறுப்பினத் தலைமையாசிரியை மரியா பால்ட்வின் பெயருக்கு மாறியது.

மாணவர் சொன்ன பதில்

அந்தக் குழுவில் இருந்த சார்லஸ் ஹார்ட், பிறகு கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1870-ல் தன் மாணவர்களோடு மீண்டும் அமேசானுக்குப் போனார். பாறைகளைப் பார்த்தார், புதைபடிவங்களைத் தேடினார். பனிப்பாறைக்கான தடயம் எதுவும் கிடைக்கவில்லை. அதை எழுதியும் வெளியிட்டார். குரு கற்றுக்கொடுத்ததைத்தான் அவர் செய்தார்: கண்ணை நம்பினார்.

1873-ல் இறக்கும்வரை அகாசி டார்வினை ஏற்கவில்லை. மாணவர்களை அவ்வளவு தூரம் கூட்டிப்போனவர், தான் மட்டும் முடிவை ஊரிலேயே எழுதி எடுத்துப்போயிருந்தார். ஃபீல்டுக்குக் கிளம்பும் யாரும் ஒருமுறை தங்கள் பையைச் சோதித்துக்கொள்வது நல்லது!