ஜோசப் பூரியே

பிரான்சு தேசத்து ஓசேர் நகரில், 1768-ஆம் ஆண்டு, தையற்காரர் ஒருவரின் மைந்தராய்ப் பூரியே பிறந்தார். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தார். புரட்சிக் காலத்திற் சிறையும் புகுந்தார். 1798-இல் நெப்போலியனோடு எகிப்து சென்று மீண்டு, கிரெனோபிளில் அரசாங்க அதிகாரியானார். அவ்வேலைக்கிடையே திடப்பொருள்களில் வெப்பம் பரவுமாற்றை ஆராய்ந்து, எத்தகைய வளைகோட்டையும் எளிய அலைகளின் தொகையாகப் பிரிக்கலாமென 1807-இல் கட்டுரை விடுத்தார். லக்ராஞ்சு போன்ற பேரறிஞர் ஏற்றிலர். பின்னர்ப் பரிசு பெற்றும் குறைகூறல் ஓய்ந்தபாடில்லை. நூல் வெளிவர 1822 ஆயிற்று. 1830-இல் பாரிஸில் காலமானார்.

இயந்திர அதிர்வை ஆராய்வோர் இன்றும் அவர் வழியையே முதலிற் பற்றுவர். எனினும், வேகம் கணந்தோறும் மாறும் சக்கரத்தின் அதிர்வுக்கு மாறா அலைகள் நன்கு பொருந்தா. ஆதலின் ஹுவாங் என்பாரும் தோழரும், அதிர்வின் முகடு பள்ளங்களைக் கொண்டே அதன் கூறுகளைப் பிரிக்கும் முறையொன்றை 1998-இல் வெளியிட்டனர். வியப்பென்னவெனில், அதுவும் பூரியேயின் கட்டுரை போன்றே முழு நிரூபணமின்றி வெளிவந்தது.