நெல்சன் அனண்டேல்: கொட்டலசுகளை ஆராய்ந்த பேரறிஞர்

தேற்றாத்தீவிலே பிறந்தோர்க்குக் கடலும் வாவியும் ஒரே மனையின் முன்வாயிலும் பின்வாயிலும் போல்வன. கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே மட்டக்களப்பு வாவி. வாடைக்காற்று வீசுங் காலத்திற் கடல் எறிந்துவிட்டுப் போகும் மரக்கட்டைகளிலே, சதைப்பற்றான காம்பும் அதன் நுனியில் வெண்ணிற ஓடுங் கொண்ட உயிர்கள் கொத்துக் கொத்தாய்த் தொங்குதலைக் காணலாம். காம்பில்லாத வேறொரு வகை, சிறு குன்றுபோலக் கூம்பிய வடிவோடு தோணியடியிலும், ஆமையோட்டிலும், கண்டல் வேரிலும் ஒட்டியிருக்கும். தோணியடியைச் சுரண்டுவோர் கையைக் கிழிப்பது இதுவே. கொட்டலசு என்றும், ஆங்கில வழக்கிற் பார்னக்கிள் என்றும் இதனைக் கூறுவர். இவ்வற்பப் பிராணிகளின் இனம் பிரித்தறிவதிலே தம் அறிவின் ஒரு பகுதியைச் செலவிட்ட பெரியார் ஒருவரின் வரலாற்றை எமது பழைய மாணவரும் இந்நாள் மாணவரும் அறிதல் நன்றென எண்ணி ஈண்டு எழுதப் புகுந்தோம்.

தோமஸ் நெல்சன் அனண்டேல் 1876ஆம் ஆண்டு யூன் 15ஆந் திகதி ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரிலே பிறந்தார். தந்தையார் அந்நகரப் பல்கலைக்கழகத்திற் சத்திரவைத்தியப் பேராசிரியர். ரக்பிப் பாடசாலையிலும் ஒக்ஸ்போர்ட் பேலியல் கல்லூரியிலும் கல்வி பயின்ற அனண்டேல், இளமையிலேயே ஊர்சுற்றும் வேட்கை மிக்கவராய் இருந்தார். ஐஸ்லாந்து, பாரோத் தீவுகள், மலாய்க் குடாநாடு ஆகிய இடங்களிற் சென்று விலங்குகளையும் மக்களையும் ஆராய்ந்தார். 1904இற் கல்கத்தா இந்திய நூதனசாலையிற் பதவியேற்றார்.

அங்கே அவர் கண்ட செல்வம் பெரிது. இன்வெஸ்டிகேற்றர் என்னும் ஆய்வுக்கப்பல் இந்திய சமுத்திரத்தின் ஆழத்திலிருந்து வாரிக்கொணர்ந்த உயிரினங்கள் போத்தல்களில் அடைபட்டுக் கிடந்தன. அவற்றுட் கொட்டலசுகளை அனண்டேல் தம் பங்காக எடுத்துக்கொண்டார். 1906இற் காம்புடைய கொட்டலசுகள் பற்றிய முன்னறிக்கை ஒன்றையும், 1909இல் விரிவான நூற்பகுதி ஒன்றையும் வெளியிட்டார். நம் நாட்டோடும் அவருக்குத் தொடர்புண்டு. 1902இல் மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்பை ஆராய அரசாங்கம் வரவழைத்த பேராசிரியர் ஹேட்மன், தாம் சேகரித்த உயிர்களைத் துறைதோறும் வல்லுநரிடம் பகிர்ந்தளித்தார். அவற்றுட் கொட்டலசுகளைப் பற்றிய அறிக்கையை எழுதியவர் அனண்டேலே.

கொட்டலசை இனம் பிரித்தல் எளிதன்று என்பதைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஓடு உண்மையாற் சிப்பி வகையென்றே லின்னேயசும் குவியேயும் கருதினர். 1830இல் யோன் வோகன் தொம்சன் என்பவர் அதன் குஞ்சு நீந்தித் திரிந்து பின்னர் ஒட்டிக்கொள்வதைக் கண்டு, இஃது இறாலுக்கும் நண்டுக்கும் உறவென நிறுவினார். அதன்பின் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டாண்டுகள் இவற்றிலேயே மூழ்கி நான்கு நூல்கள் எழுதினார். டார்வினையே களைப்படையச் செய்தது இவற்றின் உருமாற்றம். ஒரே இனம் தனித்து வளர்ந்தாற் குன்றுபோல் அகன்றிருக்கும். நெருக்கத்தில் வளர்ந்தாற் குழாய்போல் நீளும். ஆகவே புறச்சுவரின் தோற்றத்தை நம்பியவர் ஏமாறுவர். சுவர்த்தகடுகள் நான்கோ ஆறோ என்று முதலில் எண்ணுதல் வேண்டும். பின்னர், வாயை மூடும் இரு சோடித் தகடுகளைக் கழற்றி அவற்றின் உட்புற வரம்பையும் பள்ளத்தையும் நோக்குதல் வேண்டும். இம்மூடியே இனத்தைக் காட்டிக்கொடுக்கும். எமது மாணவர் ஒரு கைவில்லையும் சிறு கத்தியுங் கொண்டு இதனைத் தாமே செய்து பார்க்கலாம். அரைநாட் பொறுமை போதும்.

டார்வின் தம் மனையிலிருந்தே, பிறர் பல கடல்களிலிருந்தும் அனுப்பியவற்றை ஆராய்ந்தார். அதனாற் பெருங்குறை நேர்ந்ததென்று நாம் கூறோம். எனினும் போத்தலிற் கிடக்கும் கொட்டலசு தான் ஒட்டியிருந்த இடத்தை எடுத்துரையாது. பாறையிலா, ஆமையிலா, நண்டின் செவுளிலா, உவர்நீரிலா, அரையுவர் நீரிலா என்பதெல்லாம் உடன் எழுதப்படாவிடின் உருமாற்றத்தின் காரணம் விளங்காது. உயிரை அதன் இருப்பிடத்திலேயே காணல் வேண்டுமென்பதே அனண்டேலின் கொள்கை. ஸ்ரான்லி கெம்ப் என்னும் தோழரோடு அவர் ஒரிசாவின் சிலிகா ஏரியை ஆராய்ந்தது இக்கொள்கையின் சிறந்த பயன். சிலிகா எமது வாவியை ஒத்தது. மாரியில் ஆற்றுநீர் பெருகி உவர் குறையும்; கோடையிற் கடல்நீர் ஏறி உவர் மிகும். இம்மாற்றத்தைத் தாங்கவல்ல உயிர்களே அங்கு நிலைக்கும். 1915இல் வெளிவரத் தொடங்கிய சிலிகா ஆய்வுத் தொகுதியைப் படிப்போர்க்கு முகத்துவாரம் அடைபடுங் காலத்து மட்டக்களப்பு வாவி நினைவுக்கு வராமற் போகாது. கலிலேயக் கடல், யப்பானின் பீவா ஏரி, பர்மாவின் இன்லே ஏரி என்பவற்றையும் அவர் இவ்வாறே தேடிச் சென்றார்.

இந்நாடுகளின் உயிர்களை ஆராயும் நிலையம் இந்நாடுகளிலேயே இருத்தல் வேண்டும் என்பதற்காகவும் அவர் போராடினார். அவருக்கு முன் நூதனசாலையின் தலைவராயிருந்த அல்கொக் இதனை வலியுறுத்திப் பயன் காணாது 1906இற் பதவி துறந்தவர். 1907இல் அத்தலைமையை ஏற்ற அனண்டேல், அவ்வாண்டிலேயே நூதனசாலையின் இரு ஆராய்ச்சி வெளியீடுகளைத் தொடக்கினார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916 யூலை 1ஆந் திகதி இந்திய விலங்கியல் ஆய்வகம் நிறுவப்பட்டது; அதன் முதல் இயக்குநர் அவரே. பைனி பிரசாத், சுந்தர்லால் ஹோரா ஆகிய இந்திய இளைஞரைத் தேடி அழைத்து ஆய்விற் பழக்கினார். பின்னாளில் இருவரும் அவ்வாய்வகத்தின் இயக்குநர் ஆயினர். வெள்ளையர்க்கே உயர்பதவி என்றிருந்த காலத்தில் இது சிறு செயலன்று.

மனிதரையும் அவர் அளந்தார். கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியரின் உடலளவுகளைத் திரட்டி வைத்திருந்தார். மனிதரைக் கொட்டலசுபோல வகுக்கும் அக்காலப் போக்கு எமக்கு உவப்பானதன்று. ஆயின் அதனால் விளைந்தது வியப்புக்குரியது. 1920இல் நாகபுரி விஞ்ஞான மாநாட்டிலே அவ்வளவுகளைப் பௌதிக ஆசிரியரான மகலனோபிசு என்னும் இளைஞரிடம் ஒப்படைத்தார். அவற்றைக் கணித்த அவரின் கட்டுரை 1922இல் வெளிவந்தது. அவ்வழியே சென்று, இரு கூட்டங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என அளக்குங் கணிதமுறையை அவர் வகுத்தார். 1936இல் அது முழு வடிவம் பெற்றது. இன்று உயிரினங்களைப் பிரித்தறிவோரும் அதனைக் கையாளுகின்றனர்.

1924 தொடக்கத்திற் பெங்களூரில் நடந்த இந்திய விஞ்ஞான மாநாட்டுக்கு அனண்டேல் தலைமை தாங்கினார். அவ்வாண்டே இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினராகவும் தெரிவானார். ஏப்பிரல் 10ஆந் திகதி கல்கத்தாவிற் காலமானார். வயது நாற்பத்தேழே.

அவர் பேணிய சேகரிப்புக்கு நேர்ந்ததையும் கூறுவோம். இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் அது காசிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மறு ஆண்டு வருணை நதி பெருகி வெள்ளம் புகுந்ததாற் பல பொருள்கள் கெட்டன. எஞ்சியவை கல்கத்தாவுக்கு மீண்டன.

வகைப்படுத்தும் வேலையோ இன்னும் முடியவில்லை. துறைமுகங்கள்தோறும் காணப்படும் பலானஸ் அம்பித்திரித்தே என்பது டார்வின் 1854இல் இட்ட பெயர். அவர் ஒரே இனத்தின் பேதங்கள் எனக் கருதியவற்றுட் சில தனி இனங்களே எனப் பிற்காலத்தார் பிரித்தனர். 2004இல் அது அம்பிபலானஸ் என்னும் புதிய சாதியுள் வைக்கப்பட்டது. அனண்டேல் 1906இல் ஸ்கல்பெல்லம் என்னுஞ் சாதியிற் சேர்த்துப் பெயரிட்ட இலட்சத்தீவுக் கொட்டலசும் இடம் மாறியது. 1971இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் அதற்கும் அதன் உறவினங்களுக்குமாக ஒரு புதிய சாதியை வகுத்து, அதற்கு அனண்டேலியம் என்று பெயர் சூட்டினர்.