கரியில் ஓடிய பஸ்: பெட்ரோல் இல்லாத காலத்தை டி.வி.சுந்தரம் ஐயங்கார் சமாளித்தது எப்படி?

மதுரை செல்லூர் பக்கம் போனால், துண்டு மூட்டைகளை முன்னும் பின்னும் கட்டிக்கொண்டு சந்துக்குள் நுழையும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிகளைப் பார்க்கலாம். சின்ன இன்ஜின், கொஞ்சம் பெட்ரோல், நிறையச் சுமை. ஆனால், அந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் இருந்த மனிதர் இந்த வண்டியைப் பார்த்ததே இல்லை. டி.வி.எஸ். மொபெட் வந்தது 1980-ல். அதற்கு 25 வருஷம் முன்பே அவர் காலமாகிவிட்டார்.

அவர் வாழ்க்கையில் பெரிய தலைவலியாக இருந்ததும் இதே விஷயம்தான்: எரிபொருள்.

யார் இந்த டி.வி.எஸ்.?

‘டி’ என்பது ஊர்ப்பெயர், திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடி. ‘வி’ அப்பா பெயரின் முதல் எழுத்து. ‘எஸ்’ என்றால் சுந்தரம். 1877 மார்ச் 22-ல் பிறந்தவர். மகன் வக்கீலாக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அதன்படியே தொடங்கினார், நிலைக்கவில்லை. பிறகு ரயில்வேயில் வேலை, அதன்பின் வங்கியில் வேலை. அந்தக் காலத்தில் இந்த இரண்டில் ஒன்று கிடைத்தாலே ஊரில் தனி மரியாதை. இரண்டையும் விட்டுவிட்டு வந்தவர், 1911-ல் மதுரையில் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தார். அடுத்த வருஷமே பஸ் விட்டார். மதுரையின் முதல் பஸ் சேவை அதுதான்.

இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். அன்றைய நிலவரம் வேறு. மதுரைக்கு ரயில் 1875-லேயே வந்துவிட்டது. ஆனால், தண்டவாளம் போகாத ஊர்களுக்கு மாட்டு வண்டியும் ஜட்காவும்தான் கதி. சாலை என்றால் கப்பிக்கல்லும் புழுதியும். அதில் மோட்டார் ஓடும், சொன்ன நேரத்துக்கு வரும் என்று ஜனங்களை நம்ப வைப்பதே பெரிய வேலை. அதனால் நேரம் தவறாமையை அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி பண்ணிக்கொள்ளலாம் என்ற பேச்சு மதுரை வட்டாரத்தில் இப்போதும் உண்டு. பஸ்ஸும் லாரியுமாகத் தொழில் வளர்ந்தது. சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயர் தென் மாவட்டங்களில் பரவியது.

எல்லாமே கப்பலில் வந்தது

தொழில் நன்றாக ஓடினாலும் அடியில் ஒரு பலவீனம் இருந்தது. வண்டி, பெட்ரோல், டயருக்கான ரப்பர் என மூன்றுக்குமே கடல் வழியை நம்ப வேண்டியிருந்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் ஆலை திறந்தது. ஆனால், அங்கே நடந்தது வெளிநாட்டில் செய்த பாகங்களைக் கொண்டுவந்து பூட்டும் வேலை மட்டுமே. செவ்ரோலே மாதிரியான அந்த வண்டிகளைத் தென்னிந்தியாவில் விற்றவர்கள் டி.வி.எஸ். குழுமத்தினர். மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்று நிறுவனங்கள் பெருகின. நாட்டில் ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய விநியோகஸ்தர்களில் ஒருவராக அவர்கள் ஆனார்கள்.

அமெரிக்க வண்டிகள் உறுதியானவை, ஆனால் பெட்ரோலை நன்றாகக் குடிக்கும். அமெரிக்காவில் அது ஒரு பிரச்சினையே இல்லை. 1949-ல் ஜெர்மனியின் சின்ன பீட்டில் கார் அங்கே விற்பனைக்குப் போனபோது, அந்த வருஷம் போணியானது வெறும் 2. அடுத்த 15 வருஷத்தில் அதே கார் அங்கே லட்சக்கணக்கில் விற்றது வேறு கதை. நம் ஊர் நிலைமை நேர் எதிர். வாங்கும் ஒவ்வொரு சொட்டுக்கும் இங்கே எப்போதுமே கணக்குப் பார்த்தாக வேண்டும்.

1942: மூன்றும் நின்ற வருஷம்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் முதலில் மலாயாவைப் பிடித்தது, பிறகு பர்மாவை. ரப்பர் மலாயாவிலிருந்தும், எண்ணெயின் பெரும்பங்கு பர்மாவிலிருந்தும் வந்துகொண்டிருந்த காலம் அது. இரண்டும் நின்றுபோயின. புது வண்டிகள் ராணுவத்துக்குப் போயின. கிடைத்த பெட்ரோலுக்கும் ரேஷன். பஸ் முதலாளிகள் முன்னால் இருந்த சுலபமான வழி, வண்டியை ஷெட்டில் ஏற்றிவிட்டுப் போர் முடியும்வரை உட்கார்ந்திருப்பது.

சுந்தரம் ஐயங்காருக்கு அப்போது வயது 65-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் தேர்ந்தெடுத்தது கரியை.

கரியில் பஸ் ஓடுவது எப்படி?

தத்துவம் எளிது. பஸ்ஸோடு ஓர் இரும்பு உருளை பொருத்தப்படும். அதில் கரியைப் போட்டுத் தீ மூட்டி, காற்றை வேண்டிய அளவைவிடக் குறைவாக உள்ளே விட வேண்டும். கரி முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வாயு உண்டாகும். அந்த வாயு எரியக்கூடியது. அதைக் குளிரவைத்து, சாம்பலும் தூசியும் போக வடிகட்டி, காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் அனுப்பினால் பெட்ரோல் ஆவி செய்யும் வேலையை அது செய்யும். போர்க்காலத்தில் ஐரோப்பாவிலும் பல நாடுகள் விறகையும் கரியையும் வைத்து இப்படித்தான் வண்டி ஓட்டின.

கேட்க எளிது, ஓட்டத்தான் கஷ்டம். காலையில் கிளம்புவதற்கு முன் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊதி, தணல் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பெட்ரோலில் கிடைக்கும் சக்தியும் கிடைக்காது. மேடு வந்தால் வண்டி முக்கும். வடிகட்டி அடைத்தால் இன்ஜின் கெடும். அந்த வாயு விஷம் வேறு, கசிந்தால் ஆபத்து. ஆனால், ஒரு பெரிய நன்மை இருந்தது. கரி எந்தக் கப்பலிலும் வர வேண்டியதில்லை, உள்ளூரிலேயே கிடைத்தது.

இந்தச் சாதனத்தை வடிவமைத்து, ‘டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்’ என்ற பெயரில் அவர் தயாரித்தார். தேய்ந்த டயரைத் தூக்கிப் போடாமல் மேலே புது ரப்பர் ஒட்டி மறுபடி ஓட்டும் ரீட்ரெடிங் தொழிற்சாலையையும் ஆரம்பித்தார். வெளியே வாங்கி விற்றும், வாங்கி ஓட்டியும் வந்த நிறுவனம், தேவைப்படுவதைத் தானே செய்யப் பழகியது இந்த நெருக்கடியில்தான்.

வீட்டுக்குள் ஒரு சோதனை

அவர் வாழ்க்கையைத் தொழிலோடு மட்டும் சொல்லி முடித்தால் பாதிதான் சொன்னதாகும். மகள் சௌந்தரம் 1904-ல் பிறந்தவர். அக்கால வழக்கப்படி சிறுவயதிலேயே கல்யாணம். டாக்டரான கணவர் மதுரையில் பரவிய பிளேக்குக்குப் பலியானார். இளம் விதவையை மூலையில் உட்கார வைப்பதுதான் அன்றைய ஆசாரக் குடும்பங்களின் வழக்கம். சுந்தரம் ஐயங்காரும் அவர் மனைவியும் அதைச் செய்யவில்லை. மகளைப் படிக்கவைத்தார்கள். டெல்லியின் லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் படித்து 1936-ல் சௌந்தரம் டாக்டரானார்.

ஆனால், காந்தியின் சீடரான ஜி.ராமச்சந்திரனை மணக்க மகள் விரும்பியபோது பெற்றோர் சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளை வேறு சாதி, மலையாளி. இருவரும் ஒரு வருஷம் பிரிந்திருந்து, அப்புறமும் மனசு மாறவில்லை என்றால் மணந்துகொள்ளலாம் என்று காந்தி நிபந்தனை வைத்தார். மனசு மாறவில்லை. 1940 நவம்பரில் சேவாகிராமத்தில் காந்தியே கல்யாணத்தை நடத்தி வைத்தார். திண்டுக்கல் பக்கம் 1947-ல் இந்தத் தம்பதி தொடங்கியதுதான் காந்திகிராமம். சௌந்தரம் பின்னாளில் மத்திய கல்வித் துறைத் துணை அமைச்சராகவும் ஆனார். மகளுக்குக் கல்விக் கதவைத் திறந்துவிட்ட அதே அப்பா, சாதியைத் தாண்டிய கல்யாணத்தின் முன்னால் தயங்கி நின்றார். இரண்டுமே அவர்தான்.

அமெரிக்கக் கம்பெனி கிளம்பியபோது

நிர்வாகத்தை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு அவர் ஒதுங்கினார். ஆனால், கடைசி வருஷங்களில் இன்னொரு பெரிய அடியையும் பார்த்தார். பாகங்களைப் பூட்டி விற்பது மட்டும் போதாது, இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று மத்திய அரசு 1953-ல் முடிவெடுத்தது. அடுத்த வருஷம் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் ஆலையை மூடியது. டி.வி.எஸ். விற்றுவந்த வண்டியின் ஊற்றே அடைபட்டது.

சந்தையும் அதோடு மாறியது. பெரிய அமெரிக்கக் கார்கள் இருந்த இடத்துக்கு ஃபியட், மோரிஸ், ஸ்டாண்டர்டு என ஐரோப்பியச் சின்ன கார்கள் வந்தன. 1954-ல் டாடா, ஜெர்மனியின் பென்ஸோடு சேர்ந்து டீசல் லாரி கொண்டுவந்தது. அதே 1954-ல் மகன் டி.எஸ்.சந்தானம் சுந்தரம் பைனான்ஸைத் தொடங்கினார். பஸ், லாரி வாங்குபவர்களுக்குக் கடன் கொடுப்பதுதான் அதன் வேலை.

1955 ஏப்ரல் 28-ல் கொடைக்கானல் வீட்டில் சுந்தரம் ஐயங்கார் காலமானார். வயது 78.

பிறகு என்ன ஆச்சு?

1960-களில் குடும்பம் முழுமூச்சாக உற்பத்தியில் இறங்கியது. லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் எல்லாம் பிரிட்டிஷ் நிறுவனங்களின் தொழில்நுட்பத்தோடு வந்தவை. யார் வண்டி விற்றாலும் அதற்கு பிரேக்கும் சக்கரமும் வேண்டும் என்பதுதான் கணக்கு. 1970-களின் தொடக்கத்தில் அரசு பஸ்களை நாட்டுடைமையாக்கியபோது, மதுரை டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் வசம் போயின. 60 வருஷத்துக்கு முன் அவர் எந்தத் தொழிலில் ஆரம்பித்தாரோ, அது கைவிட்டுப் போனது. அப்போதும் குழுமம் சாயவில்லை. உதிரிபாகத் தொழில் தாங்கிப் பிடித்தது.

இப்போது வண்டிகள் பேட்டரிக்கு மாறுகின்றன. அந்த பேட்டரிக்குள் இருக்கும் செல்களில் பெரும்பாலானவை இன்னமும் கடல் தாண்டித்தான் வருகின்றன. 1942-ல் மதுரையில் ஒரு முதியவர் முன்னால் நின்ற கேள்வி, கிட்டத்தட்ட அப்படியே நம் முன்னாலும் நிற்கிறது.